பழைய அப்பார்ட்மென்ட்டுக்கு பூகம்ப ஆடிட் பண்ணினோம், கொடுத்த காசுக்கு தகுமா?

5க்கு 3.5. ஃபீல்டு வேலைக்கு மட்டும் தனியா மார்க் போடச் சொன்னா 4.5 போடுவேன், ரிப்போர்ட்டுக்கு 2 தான். கம்பெனி பேரு போடல, இதுல திட்டும் இருக்கு பாராட்டும் இருக்கு, அதனால பேர் கேட்டு இன்பாக்ஸ் வராதீங்க. இந்த மாதிரி ஸ்ட்ரக்சுரல் ஆடிட் பண்றவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க, யாரைக் கூப்பிட்டாலும் என்ன கேக்கணும் எதைப் பாக்கணும்னு தெரிஞ்சா போதும், அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

எங்களது திருவான்மியூர், பீச்சுக்கு நடந்தே போயிடலாம், 1991ல கட்டின பில்டிங், கீழ ஸ்டில்ட் பார்க்கிங் (சுவர் இல்லாம பில்லர் மட்டும் நிக்கற தரைத்தளம்) அதுக்கு மேல 3 மாடி, லிஃப்ட் கிடையாது. பார்க்கிங்ல ரெண்டு மூணு பில்லர்ல பூச்சு பேத்துக்கிட்டு கம்பி வெளிய தெரிய ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு, வருஷா வருஷம் மேஸ்திரிய கூப்பிட்டு சிமென்ட் வச்சு பூசி பெயின்ட் அடிக்கிறது, அடுத்த மழைக்கு அதுக்கு பக்கத்துலயே அடுத்த வெடிப்பு வர்றது, இதான் வழக்கம். அப்புறம் தான் தெரிஞ்சுது, உப்பு ஏறின பழைய கான்கிரீட்டை முழுசா எடுக்காம மேல மட்டும் புதுசா பூசினா பூசின எடம் நல்லா இருக்கும், அதை ஒட்டி இருக்கற கம்பி முன்னைய விட வேகமா துருப்பிடிக்கும். இத்தனை வருஷமா மெயின்டனன்ஸ் காசைப் போட்டு துருவை பக்கத்து எடத்துக்கு தள்ளி தள்ளி விட்டிருக்கோம்.

அசோசியேஷன் மீட்டிங்ல பூகம்பத்தையும் சேத்து செக் பண்ணச் சொல்லலாம்னு சொன்னதும் முதல் மாடி மாமா சிரிச்சாரு. "மெட்ராஸ்ல எங்கடா பூகம்பம், வெள்ளம்தான் வரும்." அதுக்கு மூணாவது மாடி பாட்டி தான் பதில் சொன்னாங்க, 2001 செப்டம்பர் 25 ராத்திரி எட்டரை மணி வாக்குல பாத்திரமெல்லாம் ஆடி எல்லாரும் ரோட்டுக்கு ஓடினது மறந்துடுச்சாடான்னு. அது பாண்டிச்சேரிக்கு கிட்ட கடலுக்குள்ள வந்தது, 5.5 வாக்குல. அப்புறம் 2004 சுனாமி அன்னிக்கு காலைல, 2012 ஏப்ரல்ல சுமத்ரா பக்கம் 8.6 வந்தப்ப ஆபீஸ் ஆபீஸா கீழ இறங்கி நின்னது, எல்லாமே இந்த ஊர்ல தான். நமக்கு கீழயே பெருசா வராதுன்னு வச்சுக்கிட்டாலும் தூரத்துல வந்தது ஆட்டுதுல்ல. இன்னொரு விஷயம், பூகம்ப ஆபத்தை வச்சு நாட்டை ஜோன் ஜோனா பிரிச்சிருக்காங்க, நம்பர் கூட கூட ஆபத்து கூட, எங்க பில்டிங் கட்டினப்ப சென்னை ஜோன் 2ல இருந்துச்சு. 2002ல ஐஎஸ் 1893ங்கற கோடை (பூகம்பத்துக்கு பில்டிங்கை எப்படி கணக்கு போடணும்னு சொல்ற இந்திய விதிப்புத்தகம்) மாத்தினப்ப ஜோன் 3க்கு ஏத்திட்டாங்க. விசைய கணக்கு போட பெருக்கற ஜோன் ஃபேக்டர் அந்த கோடுல ஜோன் 2க்கு 0.10, ஜோன் 3க்கு 0.16. அதாவது 2002க்கு முன்னாடி கட்டின சென்னை பில்டிங் எல்லாமே, கட்டினவன் யோக்கியமா அன்னிக்கு இருந்த கோடு படியே கட்டியிருந்தாலும், இன்னிக்கு கோடு கேக்கற பலத்துக்கு கணக்கு போட்டதில்ல. அன்னிக்கு 4 மாடிக்கெல்லாம் பூகம்ப கணக்கே போடாம விட்டவங்க எத்தனை பேர்னு யாருக்கு தெரியும்.

மாமாவோட அடுத்த வாதம், 30 வருஷமா நிக்குதே. இதை நான் நிறைய பேர் வாயில கேட்டிருக்கேன், கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா 30 வருஷமா பில்டிங் தாங்கினது மேலேருந்து கீழ இறங்கற எடைய. பூகம்பம் தள்றது பக்கவாட்டுல. அந்த பரீட்சைய இந்த பில்லருங்க ஒரு தடவை கூட சரியா எழுதினதில்ல. வெறும் எடைய தாங்கறதுக்கு நெட்டுக்கம்பியும் கான்கிரீட்டும் இருந்தா ஓரளவு நின்னுடும், ஆனா பக்கவாட்டுல ஆடும்போது பில்லரோட தலைலயும் அடிலயும் கான்கிரீட் சிதறாம, நெட்டுக்கம்பி பிதுங்காம புடிச்சு வைக்கறது சுத்தி போட்டிருக்கற ரிங் தான், விறகுக்கட்டுக்கு கயிறு மாதிரி. நெட்டுக்கம்பிக்கு வெளில, பூச்சுக்கு ரொம்ப பக்கத்துல இருக்கறதும் அந்த ரிங் தான், எல்லாத்தையும் விட மெலிசா இருக்கறதும் அது தான், அதனால துரு முதல்ல திங்கறதும் அதைத்தான். வயசான கான்கிரீட் பில்டிங்ல பூகம்ப பயமே இங்க தான் இருக்கு. பாக்க ஒண்ணுமே தெரியாது, விரிசல் கூட பெருசா இருக்காது, ஆனா உள்ள ரிங் பாதி போயிருக்கும்.

இதை எனக்கு புரிய வச்சது இந்த கம்பெனி இன்ஜினியர் பொண்ணு தான், அதுக்கே அரை மார்க் எக்ஸ்ட்ரா.

இவங்களுக்கு முன்னாடி வேற ஒரு பார்ட்டி கம்மி ரேட்ல பண்றேன்னு வந்தாங்க. வந்தவரு கைல ரீபவுண்ட் ஹேமர் (அடிச்சா எவ்ளோ எகிறுதுன்னு பாத்து கான்கிரீட் பலத்தை சொல்ற சுத்தி), பெயின்ட் அடிச்ச பூச்சு மேலயே டப் டப்புனு அடிச்சு நம்பர் எழுதிக்கிட்டாரு. பூச்ச தட்டி எடுத்து, கான்கிரீட் தெரிஞ்சப்புறம் கல்லு வச்சு தேச்சு வழவழன்னு ஆக்கிட்டு தான் அடிக்கணும், இல்லன்னா அவரு டெஸ்ட் பண்றது பூச்ச தான். அதுலயும் பழைய கான்கிரீட்டுக்கு ஹேமர் சும்மாவே பொய் சொல்லும், காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு உள்ள போய் மேல்தோலை மட்டும் கெட்டியாக்கிடும், அதனால உள்ள இருக்கறத விட நம்பர் கூட காட்டும். ஹேமர்ல மட்டும் பலத்தை சொன்னா 25 சதவீதம் முன்ன பின்ன ஆகும்னு கோடுலயே போட்டிருக்கு. அவரு ரெண்டே நாள்ல "பில்டிங் சேஃப்"னு ஒத்த பக்க சர்டிஃபிகேட் தர்றேன்னாரு, கூடவே வாட்டர்ப்ரூஃபிங் கெமிக்கலுக்கு கொட்டேஷனும். நல்ல வேளை கமிட்டில யாரும் ஒத்துக்கல.

நாங்க கடைசில போன கம்பெனி ரேட் அதை விட பல மடங்கு. ஒரு ஃப்ளாட்டுக்கு கிட்டத்தட்ட மூணு மாச மெயின்டனன்ஸ் காசு ஆச்சு. ரிப்பேர் வேலை எடுக்க மாட்டோம் ஆடிட் மட்டும் தான்னு முதல்லயே சொன்னாங்க, எனக்கு அது புடிச்சுது, ஏன்னா டெஸ்ட் பண்றவனே மருந்தும் வித்தா நோய் இல்லன்னு என்னிக்குமே ரிப்போர்ட் வராது.

ஃபீல்டு வேலை எப்படி இருந்துச்சுன்னா, முதல்ல டிராயிங் கேட்டாங்க. எங்ககிட்ட சிஎம்டிஏ அப்ரூவல் பிளான் மட்டும் இருந்துச்சு, கம்பி டிராயிங் பில்டர்கிட்டயும் இல்ல. அப்ப கம்பிய ஸ்கேன் பண்ணித்தான் கண்டுபுடிக்கணும்னுட்டு ஒரு சின்ன வண்டி மாதிரி சாமானை பில்லர் மேல உருட்டினாங்க, கம்பி எங்க இருக்கு, மேல எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்குன்னு காட்டுது. நிறைய எடத்துல அந்த மூடாப்பு, கவர்னு சொல்றது, 20 மிமீ கூட இல்ல. இன்னிக்கு ஐஎஸ் 456 படி கடலோரத்துக்கு 45, 50 மிமீ வேணும். அப்புறம் ரெண்டு மூணு பில்லர்ல அடிப்பக்கம் உடைச்சு திறந்து பாத்தாங்க. ரிங் 6 மிமீ மொட்டை கம்பி (முறுக்கு இல்லாத வழவழ கம்பி), 8 இஞ்ச்சுக்கு ஒண்ணு, ரிங் முனைல இருக்கற கொக்கிய 90 டிகிரில சும்மா மடிச்சு விட்டிருக்காங்க. ஆட்டத்துல வெளி கான்கிரீட் உதிர்ந்தா இந்த கொக்கி அப்படியே பிரிஞ்சுக்கும், அதனால தான் 135 டிகிரி வளைச்சு நுனி உள்பக்கமா போகணும்ங்கறாங்க. ஆனா அதுக்கு ஐஎஸ் 13920னு தனி கோடு வந்ததே 1993ல தான், எங்க பில்டிங் அதுக்குள்ள குடிவந்தாச்சு.

அந்த பொண்ணு துருவை கம்பி பிரஷ்ல தேச்சு எடுத்துட்டு வெர்னியர் வச்சு ரிங்கை அளந்து என்னை கூப்பிட்டு காட்டிச்சு. 6 மிமீ கம்பி 4 மிமீ சொச்சம். "அங்கிள், விட்டத்துல மூணுல ஒரு பங்கு தான குறைஞ்சிருக்குன்னு தோணும், குறுக்கு வெட்டு பரப்புல பாத்தா பாதிக்கு மேல காலி." கணக்கு போட்டு பாருங்க, 4x4 16, 6x6 36. சரியாத்தான் சொல்லிச்சு.

அடுத்தது கோர் கட்டிங், அதாவது கான்கிரீட்டை உருளையா துளைச்சு சாம்பிள் எடுக்கறது. சத்தம், தண்ணி, சேறு, பார்க்கிங் பூரா நாறிடும், முதல்லயே கார் எடுக்கச் சொல்லி நோட்டீஸ் போடுங்க, எங்களுக்கு இவங்க சொல்லல, அதுக்கு அரை மார்க் கட். ஆனா வேலை சுத்தம், கம்பி எங்க இருக்குன்னு சாக்பீஸ்ல கோடு போட்டுட்டு கம்பி அறுபடாம எடுத்தாங்க, ஓட்டைய சுருங்காத சிமென்ட் கலவை (க்ரவுட்) போட்டு அடைச்சாங்க. எடுத்த உருளைய நனைச்சு தொடைச்சு அது மேல ஃபினாப்தலீன் தெளிச்சாங்க, ஸ்கூல் கெமிஸ்ட்ரி லேப்ல இருக்குமே அதே தான். காரம் இருக்கற எடம் ரோஸ் கலராகும். எங்க கோர்ல உள்பக்கம் பளிச்னு ரோஸ், வெளிப்பக்கம் ஒரு இஞ்ச்சுக்கு மேல வெறும் சிமென்ட் கலர் தான், மாறவே இல்ல. அந்த ஒரு இஞ்ச்சுக்குள்ள தான் ரிங் இருக்கு. கான்கிரீட்டோட காரம் தான் கம்பிக்கு காவல், அது போச்சுன்னா தண்ணியும் காத்தும் போதும், துரு தானா வரும். ஃப்ளாட் ஆளுங்க நிறைய பேரு இதைப் பாத்தப்புறம் தான் வாயை மூடினாங்க, அதுவரைக்கும் டெஸ்ட்டுன்னா ஏமாத்து வேலைன்னு பேசிட்டிருந்தாங்க.

லேப்ல உடைச்சு பாத்ததுல பலம் எம்15ஐ (கான்கிரீட் பலத்துல ஒரு கிரேடு, நம்பர் கூட கூட பலம் கூட) ஒட்டி வந்துச்சு, சிலது அதுக்கும் கீழ. அன்னிக்கு 1:2:4 கைக்கலவை, தட்டு கணக்குல போட்டது, தண்ணி மேஸ்திரி இஷ்டம், அதனால ஒரே மாடில பில்லருக்கு பில்லர் வித்தியாசம். இதை நினைச்சு ரொம்ப பயப்பட வேணாம்னாங்க, அந்த காலத்து கோடுக்கு எம்15 ஓகே தான், கவலை உப்பு தான். கான்கிரீட்டை துளைச்சு பவுடர் எடுத்து அதுல குளோரைடு, அதாவது உப்பு, பாத்ததுல கடல் பாத்த வரிசை பில்லருங்கள்ல லிமிட்டை தாண்டியிருக்கு (ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோ தான் லிமிட்). கடல் காத்தா இல்ல அன்னிக்கு போர் தண்ணிலயே கலவை போட்டாங்களான்னு இப்ப சொல்ல முடியாது, ரெண்டுமா கூட இருக்கலாம்.

ஹாஃப் செல்னு ஒண்ணு, பில்லரை நனைச்சுட்டு ஒரு வயரை கம்பில மாட்டி இன்னொரு முனைய கான்கிரீட் மேல வச்சு மில்லிவோல்ட் பாப்பாங்க. மைனஸ் 350ஐ தாண்டினா உள்ள துரு ஓடிட்டிருக்க 90 சதவீதம் வாய்ப்பு. வெளில ஒரு கீறல் கூட இல்லாத பில்லர்ல இந்த நம்பர் வந்துச்சு, நான் தினமும் வண்டி சாய்ச்சு வைக்கற பில்லர் அது. கான்கிரீட்டுக்குள்ள ஒலி அலைய விட்டு பாக்கற அல்ட்ராசோனிக் டெஸ்ட்டும் பண்ணாங்க, அதுல சொல்லும்படியா ஒண்ணும் இல்ல, நடுத்தரம்.

ஆனா டெஸ்ட்டை எல்லாம் விட எனக்கு உருப்படியா பட்டது அவங்க சும்மா சுத்தி வந்து கண்ணால பாத்து சொன்னது தான். மேல மூணு மாடியும் செங்கல் சுவர் வச்சு அடைச்சு விறைப்பா இருக்கு, கீழ பார்க்கிங்ல சுவரே இல்ல, வெறும் பில்லர். ஆடினா மேல இருக்கற மொத்தமும் ஒரே பெட்டியா நகரும், முழு வளைவும் கீழ் பில்லர் தலைல வந்து விழும். 2001 ஜனவரி 26 பூஜ் பூகம்பத்துல அகமதாபாத் 200 கிமீக்கு மேல தள்ளி இருந்துச்சு, அங்க விழுந்த அப்பார்ட்மென்ட்ல நிறைய இந்த மாதிரி கீழ பார்க்கிங் வச்சது தான். அதுக்கப்புறம் 2002 கோடுல ஸ்டில்ட் மாடி பில்லர் பீமை இரண்டரை மடங்கு விசைக்கு போடுன்னாங்க. எங்களது அதுக்கு முந்தினது. மாடிப்படி நடு லேண்டிங் பீம் பில்லரோட பாதி உயரத்துல வந்து முட்டுது, அதனால அந்த பில்லர் நீளத்துல பாதி தான் வளைய முடியும், குட்டை பில்லர் விசைய அதிகமா இழுத்துக்கும், வெடிக்கும். தப்பிச்சு இறங்கற வழியே அது தான்ங்கறது எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கத்தை கெடுத்துச்சு. மொட்டை மாடில வேற, லீக் ஆகும்போதெல்லாம் பழசை எடுக்காம மேல மேல தட்டு ஓடு ஒட்டி மூணு அடுக்கு ஆகியிருக்கு, அதுக்கு மேல செங்கல் தண்ணி தொட்டி. உச்சில எடை கூட கூட கீழ வர்ற விசை கூடும். தொட்டிய இடிச்சுட்டு பிளாஸ்டிக் டேங்க் வைக்கச் சொன்னது தான் இந்த ரிப்போர்ட்லயே ரொம்ப மலிவான, உடனே பண்ணக்கூடிய அட்வைஸ்.

இப்ப ரிப்போர்ட். நூத்துக்கு மேல பக்கம், அதுல பாதி ஃபோட்டோ, பாதி ஈடாப்ஸ்ங்கற பில்டிங் கணக்கு போடற சாஃப்ட்வேர்ல வந்த டேபிளை அப்படியே கொட்டினது. முழுக்க இங்கிலீஷ், அதுவும் கோடு பாஷை, கமிட்டில ரிட்டயர்டு பிடபிள்யூடி ஆளு ஒருத்தர் இல்லன்னா எங்களுக்கு ஒரு வரி புரிஞ்சிருக்காது. சொன்ன தேதிக்கு வரவும் இல்ல, போன் பண்ணி பண்ணி வாங்கினோம். அதை கூட பொறுத்துக்கலாம், முக்கியமான கோளாறு வேற. முதல் டிராஃப்ட்ல கம்ப்யூட்டர் மாடல்ல ரிங் 6 மிமீன்னே போட்டிருந்தாங்க! சைட்ல 4 மிமீன்னு அளந்து எனக்கே காட்டினது அவங்க தான். ஃபீல்டு டீம் ஒண்ணு, கணக்கு போடற டீம் இன்னொண்ணு, ரெண்டுக்கும் பேச்சு வார்த்தை இல்ல போல. கேட்டதுக்கு மறு பேச்சு பேசாம திருத்தி கொடுத்தாங்க, அதுல பார்க்கிங் பில்லர்ல இன்னும் நாலைஞ்சு சிவப்புக்கு, அதாவது கணக்குல பலம் பத்தாத லிஸ்டுக்கு, போச்சு. நீங்க வயசான பில்டிங்குக்கு ஆடிட் பண்றீங்கன்னா இந்த ஒரு கேள்விய மட்டும் மறக்காம கேளுங்க, கணக்குல போட்டது டிராயிங் கம்பியா இல்ல இன்னிக்கு மிச்சம் இருக்கற கம்பியா. டிராயிங் கம்பின்னா அவ்ளோ டெஸ்ட்டும் ஃபோட்டோவுக்கு தான்.

மண் டெஸ்ட் அவங்க பேக்கேஜ்ல இல்ல, தனி காசு. கடலோர மணல், கொஞ்சம் தோண்டினாலே தண்ணி, இந்த மாதிரி எடத்துல ஆட்டத்துல மண் சேறு மாதிரி இளகுமான்னு பாக்காம பூகம்ப ரிப்போர்ட்னு பேர் வைக்கறது சரியில்லன்னு நான் சொன்னேன், அவங்களும் ஆமான்னாங்க, ஆனா கொட்டேஷன்ல சின்ன எழுத்துல தான் இருந்துச்சு. இதுக்கு முழுசா ஒரு மார்க் கட்.

பழைய பில்டிங்குக்குன்னே ஐஎஸ் 15988னு ஒரு கோடு 2013ல வந்திருக்கு, இவங்க அதை வச்சு தான் பண்ணினது, அது நல்ல விஷயம். அதுல ரெண்டு விஷயம் எனக்கு புதுசு. ஒண்ணு, பில்டிங்கைப் பத்தி நமக்கு எவ்ளோ தெரியும்ங்கறதுக்கே ஒரு ஃபேக்டர் (பலத்தை பெருக்கற எண்), டிராயிங் இல்ல டெஸ்ட்டும் கம்மின்னா பலத்தை குறைச்சு தான் எடுக்கணும், அதனால கோர் எண்ணிக்கைல கஞ்சத்தனம் பண்ணினா ரிப்போர்ட் மோசமா வரும். இன்னொண்ணு, பில்டிங் இன்னும் எத்தனை வருஷம் இருக்கப் போகுதோ அதைப் பொறுத்து விசைய கொஞ்சம் குறைச்சுக்கலாம், ஆனா முழு விசைல 0.7 பங்குக்கு கீழ போகக்கூடாது. நியாயம் தான், மிச்சம் இருக்கற வருஷம் கம்மின்னா அதுக்குள்ள பெரிய ஆட்டம் வர்ற வாய்ப்பும் கம்மி. ஆனா இதை எங்க மாமா கையில கொடுத்தா இன்னும் ரெண்டு வருஷம் தான் இருப்போம்னு எழுதி வாங்கிடுவாரு.

அவங்க சொன்ன வைத்தியம்: உப்பு ஏறின கான்கிரீட்டை கம்பிக்கு பின்னால வரைக்கும் வெட்டி எடுத்துட்டு, பார்க்கிங் பில்லருங்களுக்கு அஸ்திவாரத்துலேருந்தே சுத்தி 100 மிமீ புது கான்கிரீட் கம்பியோட ஜாக்கெட், ரெண்டு பக்கமும் பில்லருக்கு பில்லர் நடுவுல சில கட்டத்துல சுவரோ ஸ்டீல் பிரேசிங்கோ (குறுக்கா சாய்ச்சு போடற இரும்பு சட்டம்). பேப்பர்ல அழகு. நிஜத்துல 9 இஞ்ச் பில்லர் 17 இஞ்ச் ஆகும், ரெண்டு பில்லருக்கு நடுவுல நிறுத்தற கார் கதவு திறக்காது. சுவர் வர்ற கட்டத்துல யாரோட பார்க்கிங்னு பாத்தா ஒண்ணு செகரட்டரியோடது, இன்னொண்ணு வாடகைக்கு விட்டிருக்கற என்ஆர்ஐயோடது. ஜாக்கெட்டுக்கு பதிலா பசை போட்டு ஃபைபர் துணி சுத்தினா தடிமன் வராதேன்னு கேட்டோம், அது பில்லரை கட்டிப்புடிக்கும் ஆனா ஸ்டில்ட் மாடிக்கு விறைப்பு தராது, ரெண்டு பிரச்சனைல ஒண்ணு தான் தீரும்னாங்க. வழவழன்னு பேசாம நேரா சொன்னாங்க, அது புடிச்சுது.

இடிச்சுட்டு புதுசு கட்டலாம்ங்கற கோஷ்டி ஒண்ணும் கிளம்பியிருக்கு, தமிழ்நாட்டு புது அப்பார்ட்மென்ட் ஓனர்ஷிப் சட்டத்துல மூணுல ரெண்டு பங்கு ஓனருங்க ஒத்துக்கிட்டா போதும், புரமோட்டருங்க ரிப்போர்ட் வந்த வாரமே மோப்பம் புடிச்சு வந்துட்டாங்க. ரிப்போர்ட் அந்த வியாபாரத்துக்கு ஆயுதமா போயிடுமோன்னு எனக்கு சந்தேகம் இருக்கு, ஆனா அதுக்கு ஆடிட் பண்ணவங்களை குறை சொல்ல முடியாது, அவங்க ரிப்பேர் பண்ணலாம்னு தெளிவா எழுதியிருக்காங்க.

ஆடிட் யாருக்கு தேவைன்னா, 2002க்கு முந்தின ஸ்டில்ட் பில்டிங், அதுவும் கடலோரம்னா யோசிக்காம பண்ணுங்க. தனி வீடு, செங்கல் சுவர் தாங்கற வீடுன்னா இந்த பேக்கேஜ் வேஸ்ட், அதுக்கு பாக்கற முறையே வேற. காசு ரொம்ப இழுக்குதுன்னா முதல்ல ஒரு இன்ஜினியரை கூப்பிட்டு அரை நாள் சுத்திக் காட்டுங்க, ஸ்டில்ட், படிக்கட்டு, மொட்டை மாடி எடை மூணையும் பாக்க மிஷினே தேவையில்ல.

நாங்க இப்போதைக்கு தண்ணி தொட்டிய இடிச்சாச்சு, தட்டு ஓடு எடுக்கற வேலை நடக்குது, ஜாக்கெட்டுக்கு கொட்டேஷன் வாங்கிட்டிருக்கோம், பார்க்கிங் சண்டை தனி டிராக்ல ஓடுது. ஹாஃப் செல் எடுத்த புள்ளிங்களை பில்லர்லயே பெயின்ட்ல நம்பர் போட்டு வச்சிருக்காங்க, சில வருஷம் கழிச்சு அதே புள்ளில திரும்ப எடுத்தா துரு ஓடற வேகம் தெரியும்னாங்க. அந்த ரெண்டாவது ரவுண்டுக்கு ரேட்டை முதல் கொட்டேஷன்லயே எழுதி வாங்கிடுங்க, நாங்க இப்ப கேட்டா ஃபுல் ரேட் சொல்றாங்க, பேரம் போயிட்டிருக்கு.